ஜோசப் ஃபூரியே

ஜான் பத்தீஸ்து ஜோசப் ஃபூரியே (மார்ச் 21, 1768 – மே 16, 1830) பிரெஞ்சுக் கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். வெப்பம் பரவும் முறையை ஆராயப் புகுந்த இவர், சிக்கலான வடிவங்களையும் எளிய அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று கூறினார். தொகுத்து முடித்த நிகழ்படத்தை இணையத்திற்கு ஏற்ற கோப்பாக மாற்றும்போது கணினியில் நடைபெறும் கணக்கீடு இவ்வெண்ணத்தின் வழித்தோன்றலாகும். பொறியியல் மாணவர்கள் ஆங்கில வழக்கைப் பின்பற்றி இவரை ஃபூரியர் என்பர். பிரெஞ்சு பயிலும் புதுச்சேரியினருக்கு ஃபூரியே என்னும் ஒலிப்பே பழக்கமானது.

வாழ்க்கை

ஃபூரியே பிரான்சின் ஒசேர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதளவிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். பெனடிக்டின் துறவியர் நடத்திய படைப்பள்ளியில் கல்வி கற்றுப் பின்னர் அங்கேயே ஆசிரியரானார். துறவு மடத்திலும் சிறிது காலம் இருந்தார். ஆயினும் துறவு ஏற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 இல் சிறைப்பட்டார். ரோபெசுப்பியரின் வீழ்ச்சிக்குப் பின் விடுதலை பெற்றார்.

1798 இல் நெப்போலியனுடன் எகிப்து சென்ற அறிஞர் குழுவில் இவரும் ஒருவர். நாடு திரும்பியபின் 1802 இல் கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்ட ஈசேர் மாவட்டத்தின் ஆட்சியாளராக நியமிக்கப்பட்டார். சதுப்பு நிலங்களை வடித்தல் முதலிய அலுவல்களுக்கு இடையிலேயே வெப்ப ஆய்வைச் செய்து முடித்தார் என்பது வியப்புக்குரியது.

மறுக்கப்பட்ட ஆய்வு

1807 டிசம்பரில் இவர் தம் ஆய்வுரையைப் பாரிசு அறிவியல் கழகத்தில் அளித்தார். லாக்ராஞ்சு, லாப்லாசு, மாஞ்சு, லாக்ருவா ஆகியோர் அதனை மதிப்பிட்டனர். உடைந்த கோடு போன்ற வடிவங்களையும் வளைந்தோடும் அலைகளால் அமைக்கலாம் என்பதை லாக்ராஞ்சு ஏற்கவில்லை. ஆய்வுரை அச்சேறவில்லை. 1812 இல் இதே பொருளுக்குக் கழகம் பரிசளித்தது. எனினும் நிறுவல் போதிய உறுதியுடையதன்று என்ற குறையையும் சேர்த்தே கூறியது. வெப்பத்தின் பகுப்பாய்வுக் கோட்பாடு என்ற நூலாக இவ்வாய்வு வெளிவர 1822 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிர்த்தோர் கூற்றில் நியாயமே இல்லை எனக் கூற இயலாது. அலைத்தொடர் எப்போது குவியும் என்பதை 1829 இல் திரிக்லே என்பவரே முறையாக நிறுவினார். அதற்கு அடுத்த ஆண்டு ஃபூரியே பாரிசில் காலமானார்.

நிகழ்படக் குறியாக்கத்தில்

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தின் தேர்த்திருவிழாவை ஒருவர் ஒரு நிமிட நிகழ்படமாகத் தொகுத்துள்ளார் எனக் கொள்வோம். அகலம் 1920, உயரம் 1080 படப்புள்ளிகள். நொடிக்கு 25 சட்டகங்கள். புள்ளி ஒன்றுக்கு 3 பைட்டுகள். சுருக்காமல் சேமித்தால் இது ஏறத்தாழ 9.3 கிகாபைட்டு ஆகும். நொடிக்கு 5 மெகாபிட் என்ற வீதத்தில் குறியாக்கம் செய்தால் 37.5 மெகாபைட்டு மட்டுமே, அதாவது சுமார் 250 இல் ஒரு பங்கு.

இச்சுருக்கத்தின் ஒரு பகுதி, முந்தைய சட்டகத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதுவதால் கிடைக்கிறது. மற்றொரு பகுதிக்கு ஃபூரியேயின் வழி பயன்படுகிறது. படம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் மெதுவாக மாறும் அலைகள், விரைந்து மாறும் அலைகள் ஆகியவற்றின் கூட்டாக எழுதப்படுகிறது. விரைந்து மாறும் அலைகளின் இழப்பைக் கண் எளிதில் உணராது. ஆகவே அவற்றின் அளவுகள் தோராயமாக்கப்படுகின்றன, பல சுழியமாகிவிடுகின்றன.

இதற்கு உதவும் தனித்த கொசைன் உருமாற்றத்தைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972 இல் முன்மொழிந்தார். அவருக்கும் ஆய்வு நிதி மறுக்கப்பட்டது. தி. நடராசன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 இல் அதனை வெளியிட்டார். ராவ் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். 2003 இல் வெளிவந்த எச்.264 தரம் இவ்வுருமாற்றத்தின் முழு எண் வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

குறியாக்க அமைப்புகளைத் தாமே தெரிவு செய்வோர், உண்மையில் எவ்வளவு நுணுக்கத்தை இழக்கலாம் என்பதையே முடிவு செய்கின்றனர். எக்ஸ்264 என்னும் கட்டற்ற குறியாக்கியில் சி.ஆர்.எஃப் என்ற தர எண் 0 முதல் 51 வரை அமையும். இயல்பு மதிப்பு 23. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். தேர் நிகழ்படத்தில் கற்பூரப் புகை, பூமழை, மக்கள் திரள் ஆகியன விரைந்து மாறும் அலைகள் மிகுந்தவை. பிட் வீதத்தை மிகவும் குறைத்து நிலையாக வைத்தால், வானமும் கடலும் தெளிவாயிருக்க, இவை மட்டும் கட்டங்கட்டமாகச் சிதையும். தர எண்ணைக் கொண்டு குறியாக்கம் செய்தால் இத்தகைய காட்சிகளுக்கு மிகுதியான பிட்டுகள் ஒதுக்கப்படும். எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணையை முன்பகுதியில் வைக்கும் தெரிவையும் இயக்கிவிடுவது நன்று. கோப்பு முழுவதும் இறங்கும்முன்னரே படம் ஓடத் தொடங்க இது உதவும்.

சுழியமாக்கப்பட்ட அலைகளைத் தர எண்ணைப் பின்னர் குறைத்தாலும் மீட்க இயலாது. ஏற்றுமதி செய்த கோப்பை மீண்டும் குறியாக்கினால் இழப்பு மேலும் கூடும். எனவே வேறு அளவில் கோப்பு தேவைப்படும்போது, மூல ஒளிப்பதிவைக் கொண்ட தொகுப்பிலிருந்தே புதிதாக ஏற்றுமதி செய்தல் வேண்டும்.