பளிங்குக்கு வெளியே உம்ராவ் பேகம்

புது தில்லி: நிஜாமுதீனில் உருதுக் கவிஞர் மிர்சா காலிபின் சமாதியைக் காண வருவோர் பலர். அதன் அருகிலேயே அடக்கமான அவருடைய மனைவி உம்ராவ் பேகத்தின் கல்லறையை விசாரிப்போர் மிகச் சிலரே.

1810-இல் திருமணம் நடந்தபோது காலிப் 13 வயது நிரம்பாத சிறுவர். உம்ராவ் அவரினும் இளையவர். பிறந்த ஏழு குழந்தைகளில் ஒன்றும் தங்கவில்லை. மகனாகப் பாவித்த உறவினர் ஆரிஃபும் 1852-இல் இறக்க, அவருடைய இரு பிள்ளைகளும் இவர்களிடமே வளர்ந்தனர்.

தொழுகை தவறாத உம்ராவ், மது அருந்தும் கணவரின் பாத்திரங்களோடு தம் பாத்திரங்களைச் சேர்த்ததில்லை. கடனைத்தான் அவ்வாறு பிரித்து வைக்க இயலவில்லை. 1857 எழுச்சியின்போது, கணவரிடமும் கூறாமல், பாதுகாப்புக்கென காலே சாகிப் இல்லத்துக்கு அனுப்பிய நகைகள் ஆங்கிலேயப் படையினரின் கொள்ளையில் பறிபோயின.

அதன்பின் அரசு நிறுத்திவைத்த ஓய்வூதியம் 1860-இல்தான் திரும்பக் கிடைத்தது. 1869 பிப்ரவரி 15-இல் காலிப் மறைந்ததும் அதுவும் நின்றது. ராம்பூர் சமஸ்தானம் மாதந்தோறும் அளித்துவந்த 100 ரூபாயும் நின்றது, கடன்காரர்கள் நின்றபாடில்லை. முதுமையில் உம்ராவ், நவாப் கல்பே அலி கானிடம் உதவி கோரி விண்ணப்பித்தார். மறு ஆண்டிலேயே, 1870-இல், அவரும் காலமானார்.

காலிபின் கல்லறை மீது பளிங்கு மண்டபம் எழுந்தது 1955-இல். உம்ராவின் கல்லறை அம்மண்டபத்துக்கு வெளியே உள்ளது.