கேட்டவனுக்குக் கேட்டது கிடைக்க வேண்டும்

கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் நான் ஒரு நூலகரின் வாழ்க்கையை எழுதுவதைப் பார்த்து, இவனுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நினைச்சுக்கோங்க, பரவாயில்லை. முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் ஒரு சின்ன லைப்ரரி. புத்தகம் அடுக்கும் லைப்ரரி இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரி. ஒரு டேட்டாபேஸிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சர்வர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போக வேண்டும், கேள்வியை எஸ்.க்யூ.எல். மொழியில் எழுத வேண்டும், பதிலை வரிவரியாக எடுக்க வேண்டும், கடைசியில் கதவைச் சாத்த வேண்டும். ஒவ்வொரு புரோகிராமிலும் இதையே திரும்பத் திரும்ப எழுதுவது வெட்டி வேலை. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் அடக்கி இணை, கேள், மூடு என்று மூன்றே கட்டளைகளாக்கினோம். சோதித்துப் பார்க்க ஒரு புத்தகப் பட்டியலை எடுத்தோம். புத்தகங்களை எப்படிப் பிரிப்பது என்று தேடப் போனபோது அறிமுகமானவர்தான் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன்.

1892இல் அன்றைய தஞ்சை மாவட்டச் சீர்காழியில் பிறந்தவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். பேச்சில் திக்கல் உண்டு. ஆனாலும் ஆசிரியர் வேலையைத்தான் விரும்பித் தேர்ந்தெடுத்தார். மங்களூர், கோவை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்குப் பாடம் நடத்தினார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். நூலக வேலையில் முன் அனுபவம் கிடையாது. சில நாட்களிலேயே அலுப்புத் தட்டிவிட்டது. வகுப்பு நிறைய மாணவர்களோடு இருந்தவருக்கு ஆளே வராத அறை எப்படிப் பிடிக்கும்? பழைய வேலைக்கே திரும்பிவிடத் துடித்தார். லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வந்த பிறகும் மனம் மாறவில்லையென்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

அந்தப் பயணம்தான் திருப்புமுனை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்தபடியே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். சில பட்டைகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் வரும், பாலமும் வரும். புத்தகத்தின் பொருளையும் இப்படிச் சிறு துண்டுகளாக்கிப் பூட்டினால் என்ன என்று கணக்கு வாத்தியார் மூளை வேலை செய்தது. 1933இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது.

அது என்ன முறை? நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை, 1950களில் இந்தியாவில் என்று ஒரு புத்தகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பு ஒரு துண்டு, நோய் ஒரு துண்டு, சிகிச்சை ஒரு துண்டு, இடம் ஒன்று, காலம் ஒன்று. ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி நடுவில் ஒரு நிறுத்தற்குறி. டேட்டாபேஸ் படித்தவர்களுக்கு இது புதுசா? நாம் பத்திகளாகப் பிரித்து வைத்து, இந்த இடம், இந்த ஆண்டு என்று நிபந்தனை போட்டுத் தேடுகிறோமே, அதே சங்கதி! டேட்டாவை அட்டவணைகளாக வைக்கும் முறையை ஐ.பி.எம்.மின் காட் எழுதியது 1970இல்தான்.

எங்கள் லைப்ரரியிலும் ஒரு நிறுத்தற்குறி உண்டு. பயன்படுத்துகிறவர் தட்டச்சு செய்யும் சொல்லைக் கேள்வி வாக்கியத்தோடு ஒட்டிவிட்டால், விஷமி ஒருவன் அந்தச் சொல்லுக்குள்ளேயே கட்டளையை நுழைத்து அட்டவணையையே அழித்துவிடலாம். அதனால் கேள்வியில் வெறும் கேள்விக்குறி மட்டும். சொல் தனியாகப் பின்னால் போகும். பிரித்து வைப்பது அழகுக்கு மட்டுமல்ல, காவலுக்கும்தான்.

1931இல் வெளியான நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்ற நூல்தான் அவர் உயிர்நாடி. புத்தகம் பயன்படுவதற்கே. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான புத்தகம் உண்டு; ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகன் உண்டு. வாசகனின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். புத்தகம் என்ற இடத்தில் டேட்டா என்று போட்டுப் பாருங்கள், ஒரு விதிகூட உடையாது.

படிப்பு எல்லோருக்கும் போக வேண்டும் என்பதே அவர் கவலை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகப் பாடுபட்டார். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்ததற்கு அவருடைய பல்லாண்டு உழைப்பே அடிப்படை. நம் வீட்டு வரியோடு நூலக வரி சேர்ந்திருப்பது அந்தச் சட்டத்தால்தான். காசி, டெல்லி, பெங்களூர் என்று பணி தொடர்ந்தது. 1957இல் பத்மஸ்ரீ. சம்பாதித்ததில் ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் பேராசிரியர் பதவிக்கென மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். 1972 செப்டம்பர் 27இல் பெங்களூரில் மறைந்தார். ஆகஸ்ட் 12ஐ நாடு தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது.

நண்பர்களே, நம்ம பெரும்பாக்கத்திலேயே செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2022இல் புதிய கட்டடம் கண்டது. அதன் நூலகத்தில் 45,000க்கும் மேற்பட்ட பழந்தமிழ் நூல்கள். பக்கத்திலேயே நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிகளில் இருக்கின்றன. அந்த வீடுகளின் பிள்ளை ஒன்று ஏதோ ஒரு விஷயத்தைத் தேடும்போது, பூட்டிய அலமாரியையோ புரியாத திரையையோ பார்த்துத் திரும்பிப் போனால் நாம் படித்த படிப்புக்கு என்ன மரியாதை?

அலுத்துப்போன வேலை என்று 1924இல் அவர் உதறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உதறவில்லை. நமக்கும் அலுப்பான வேலைகள் வரும். நாம் எழுதும் பத்து வரி யாரோ ஒருவருடைய பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் என்றால், அலுக்காமல் எழுதுவோம்!