பறவையியல் மேதை சலீம் அலி

கிளென்மார்கன் மலை விளிம்பில் நின்று கீழே நோக்கினால் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் முதுமலைக் காடும் விரிந்து கிடக்கின்றன. அக்காட்டில் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் செல்வோர் யானைக்கு மட்டுமல்ல, கடுகளவே உள்ள உண்ணிக்கும் அஞ்ச வேண்டும். அந்த உண்ணி பரப்பும் நோயை ஆராயப் பறவைகளின் துணையை நாடிய பெரியார் ஒருவரை நாம் அறிந்துகொள்வோம். அவரே டாக்டர் சலீம் அலி.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்த இவர், இளங்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாகத் தாம் சுட்ட குருவியின் கழுத்து மஞ்சளாயிருக்கக் கண்டு வியந்து, அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு துரை, பாடம் செய்த பறவைகளை அன்போடு காட்டினார். அன்று பிறந்த ஆர்வம் இறுதிவரை தணியவில்லை. உரிய பட்டம் இல்லையென்று அரசுப் பணி கிட்டாதபோதும் மனம் தளராமல் ஜெர்மனி சென்று பயின்றார். நம் கோத்தகிரியிலும் சில காலம் வாழ்ந்தார். 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல் பெரும்புகழ் பெற்றது.

1957இல் மைசூர் மாநிலம் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. மக்களும் கடுங்காய்ச்சலால் இறந்தனர். உண்ணிக்கடியே காரணம் என்றும், அக்கிருமி ருஷ்ய நாட்டுக் கிருமி ஒன்றின் உறவு என்றும் பூனா விஞ்ஞானிகள் கண்டனர். ஆனால் ருஷ்யத் தடுப்பூசி இங்கே பலனளிக்கவில்லை. வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சலீம் அலியின் குழுவினர் ஆயிரமாயிரம் பறவைகளைப் பிடித்து, உண்ணிகளைச் சேகரித்து, கால்களில் வளையமிட்டுப் பறக்கவிட்டனர். வளையமிட்ட பறவைகள் சில சோவியத் நாட்டில் அகப்பட்டன. எனினும் பறவைகளே நோயைக் கொணர்ந்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அதனால் அவ்வுழைப்பு வீணாயிற்றா? இல்லை. நம் நாட்டுப் பறவைகளின் நெடும்பயணத்தை நாம் அறிந்தது அதனால்தான். ஓர் ஐயத்தைச் சோதித்துப் பார்ப்பதும் அறிவின் வளர்ச்சியே.

1976இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1987இல் மறைந்தார். நோயோ மறையவில்லை. நீலகிரிக் காட்டுக் குரங்குகளிடமும் அக்கிருமி பின்னர் காணப்பட்டது. கர்நாடகத்தில் பல்லாண்டு போடப்பட்ட தடுப்பூசியின் காப்பு போதாமையால் புதியதொன்றை உருவாக்க விஞ்ஞானிகள் முயல்கின்றனர்.

அதுவரை காட்டுக்குச் செல்வோர் கைகால்களை மூடிச் செல்வதும், திரும்பியதும் குளித்து உடலில் உண்ணி உள்ளதா என்று பார்ப்பதும், இறந்த குரங்கைத் தொடாமல் அதிகாரிகளுக்குச் சொல்வதும் நம் கடமை. அந்தத் தடுப்பூசிப் பணியில் நாளை நம் பள்ளி மாணவி ஒருத்தியும் பங்குகொண்டால் நமக்கு அதைவிடப் பெருமை வேறுண்டோ!