கடல் கடந்து வந்த தலைமையாசிரியை

கடல் கடந்து பொருள் தேடச் செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் வழக்கன்று என்பது தொல்காப்பியம் உரைக்கும் நெறி. நம் தீவக மாந்தரும் நெடுங்காலம் அந்நெறியினின்று பெரிதும் வழுவினாரல்லர். புங்குடுதீவு வணிகர் கொழும்பிற் கடை வைத்த காலத்தும், யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவிற்கு எழுதுவினைஞராயும் புகையிரத அலுவலராயும் சென்ற காலத்தும், முன்னே சென்றவர் ஆடவரே. மகளிர் இல்லிலிருந்து கடிதத்தை எதிர்பார்த்திருந்தனர். இவற்றுக்கெல்லாம் முன்னரே, கடலின் மறுகரையிலிருந்து, மணமாகாத பெண்மணி ஒருவர் பணியேற்று யாழ்ப்பாணம் வந்தார். அவரே உடுவில் மகளிர் பாடசாலையை ஏறத்தாழ நாற்பது ஆண்டு நடத்திய எலிசா அக்னியூ அம்மையார்.

அம்மையார் 1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்தவர். எட்டு வயதுச் சிறுமியாய்ப் பூமிசாத்திரம் கற்கையில், உலகப் படத்திற் கீழைத்தேயங்களைக் கண்டு, அங்குச் சென்று பணிபுரிதல் வேண்டுமென உறுதிபூண்டார் என்பர். ஆயினும் பெற்றோரைப் பேணும் கடமையைத் துறந்து அவர் புறப்பட்டாரல்லர். அக்கடமை நிறைவுற்றபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. 1839இல் பொஸ்ரன் துறையிற் கப்பலேறி, 1840ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இலேதான். ஆதலின் ஆபிரிக்காவின் தென்கோடியைச் சுற்றியே அக்காலக் கப்பல்கள் வந்தன. ஒரு கடிதத்திற்கு மறுமொழி பெறவே பல மாதங்கள் சென்ற காலம் அது.

உடுவிற் பாடசாலையை 1824இல் தொடங்கியவர் ஹரியற் வின்சுலோ அம்மையார். தமிழ் ஆங்கில அகராதியால் நாமறிந்த மைரன் வின்சுலோவின் மனைவியார் அவர். பெண் எழுத்தறிதல் குலத்திற்குக் கேடு என மக்கள் அஞ்சிய நாள்கள் அவை. ஊணும் உடையும் இலவசமாக அளித்தும், தொடக்கத்தில் மணமகட்குச் சிறு சீதனம் வழங்கியுமே மிஷனார் மாணவியரைச் சேர்த்தனர். ஹரியற் அம்மையார் 1833இல் மறைந்தார். ஸ்போல்டிங் ஐயரும் அவர்தம் மனைவியாரும் அப்பணியைத் தாங்கினர். அவர்களை அடுத்துப் பொறுப்பேற்றவரே அக்னியூ அம்மையார்.

முன்னவர்க்கும் இவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் குருமாரின் மனைவியராய் வந்தவர்கள். இவரோ தமது பணி ஒன்றையே உரிமையாகக் கொண்டு வந்தவர். மிஷன் சங்கத்தின் முடிவுகளைச் செய்தவர்கள் ஆடவரான குருமாரே. எனினும் பாடசாலைக்குள் இவரே தலைவி. கற்பித்தலோடு மாணவியரின் உணவு, உறக்கம், நோய், ஒழுக்கம் ஆகிய அனைத்தும் அவர் கண்காணிப்பில் இருந்தன. விடுமுறை வந்தால் ஓய்வு கொள்ளாது, மணமாகிச் சென்ற பழைய மாணவியரை ஊர்தோறும் தேடிக் கண்டு வருவார். அம்மகளிர் தம் மகளிரையும், அம்மகளிர் பின்னர்த் தம் மகளிரையும் அவரிடமே அனுப்பினர். இவ்வாறு மூன்று தலைமுறையினர், ஆயிரத்திற்கு மேற்பட்டோர், அவரிடம் கல்வி பெற்றனர். ஆயிரம் புதல்வியரின் தாய் என அவரை வழங்குதல் இதுபற்றியே.

1855ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனின் தலைமையகத்தார் கல்விக் கொள்கையை மாற்றினர். புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிற் பாடசாலை அச்சோதனையைக் கடந்து நிலைத்தது. ஆடவர் கல்லூரி மூடப்பட்ட காலத்தில் பெண்கள் பாடசாலையின் கதவு திறந்திருந்தமை சிந்திக்கத்தக்கது.

அம்மையாரின் நோக்கம் கல்வி மட்டுமன்று. மதமாற்றமும் அதன் உயிர்நாடியாய் இருந்தது. அவரிடம் கற்றோருள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவராயினர். மிஷன் பாடசாலைப் பிள்ளைகள் பலர் பொருளுதவிய அந்நியரின் பெயர்களைத் தாங்க நேர்ந்ததும் உண்மை. தாய் தந்தையர் இட்ட பெயரை இழந்து பெறும் கல்விக்கு விலை சிறிதன்று. இதனை உணர்ந்தே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். எனினும் பெண்கல்வி என்னும் பயிரை எதிரணியாரும் பின்னர் ஏற்றனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்களுக்கு நிறுவிய கல்லூரிக்கும் முதல் தலைவியாய் அமைந்தவர் கடல் கடந்து வந்த புளோரன்ஸ் ஃபார் என்னும் ஆங்கில மாதே. மதத்தால் மாறுபட்டோரும் முறையால் ஒன்றுபட்டனர்.

1879இல், எழுபத்திரண்டாம் வயதில், அக்னியூ அம்மையார் பதவியினின்று ஓய்வு பெற்றார். தாயகம் செல்ல விரும்பினாரல்லர். வந்த நாள் முதலாக ஒருமுறையேனும் அவர் அமெரிக்கா சென்று மீண்டதில்லை. மானிப்பாயில் லீச் சகோதரிகளின் இல்லத்தில் இறுதி நாள்களைக் கழித்து, 1883 சூன் 14ஆம் நாள் காலமானார்.

அயலூர்ப் பணியை நாம் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கால் அளக்கின்றோம். எப்போது மாற்றல் கிடைக்கும் என நாளெண்ணுகின்றோம். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகிற்குக் காத்து நிற்கும் ஆசிரியைக்கு அலையின் அச்சமும் வீட்டின் நினைவும் இருத்தல் இயல்பே. அவரை அம்மையாரைப்போல வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்குமாறு கேட்டல் நீதியன்று. ஆயினும் அம்மையார் வாழ்வு காட்டும் உண்மை ஒன்றுண்டு. பதவியாணை ஒருவரைத் தலைமை நாற்காலியில் இருத்தலாம். ஊரின் மொழியைக் கற்று, மாணவியின் வீட்டுவாசல் வரை நடந்து செல்லும்போதே அத்தலைமை மெய்யாகின்றது. அங்ஙனம் நடக்கும் ஆசிரியை ஓராண்டு தங்கினும், அவ்வூரார்க்கு அவர் அயலார் அல்லர்.