தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த டாக்டர்... கோர்ட்டில் நின்றது ஏன்?

தொழுநோய்க்கு ‘ஹேன்சன் நோய்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த ஹேன்சன் நார்வே நாட்டு டாக்டர். பல நூறு வருடங்களாக சாபம், பாவம், கெட்ட ரத்தம் என்றெல்லாம் சொல்லப்பட்ட நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று காட்டியவர். அதே மனிதர், தன்னிடம் சிகிச்சையில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்காமலேயே அவர் கண்ணில் ஒரு பரிசோதனை செய்து, கோர்ட்டில் தண்டனையும் வாங்கினார். என்னதான் நடந்தது?

யார் இந்த ஹேன்சன்?

முழுப் பெயர் கெர்ஹார்ட் ஹென்ரிக் ஆர்மவர் ஹேன்சன். 1841 ஜூலை 29-ல் நார்வேயின் பெர்கன் நகரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 15 பிள்ளைகள். அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனதால், வேலை பார்த்துக்கொண்டேதான் மருத்துவம் படித்தார். 1866-ல் டாக்டர் ஆனதும் லோஃபோடன் தீவுகளில் மீனவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1868-ல் ஊர் திரும்பி, தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்தார்.

அன்றைக்கு ஐரோப்பாவில் தொழுநோய் அதிகம் இருந்த நாடுகளில் நார்வேயும் ஒன்று. 1856-லேயே அந்த நாடு நோயாளிகளுக்கு தேசியப் பதிவேடு தொடங்கிவிட்டது. அப்போது கணக்கில் வந்தவர்கள் கிட்டத்தட்ட 3,000 பேர்.

மாமனாரோடு முரண்பட்ட மருமகன்

பெர்கனில் ஹேன்சனின் சீனியர் டானியல் கொர்னேலியஸ் டானியல்சன். தொழுநோய் ஆராய்ச்சியில் உலகமே மதித்த பெயர். இது பரம்பரை நோய் என்பது அவர் கட்சி. தொற்றாது என்று காட்ட, நோயாளியிடம் எடுத்த திசுவைத் தன் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹேன்சனுக்கு இதில் உடன்பாடு இல்லை. கிராமம் கிராமமாகப் போனார். யார் வீட்டில் நோய் வந்தது, யாரோடு இருந்தவர்களுக்கு வந்தது என்று பார்த்தார். பதிவேட்டையும் அலசினார். ரத்த உறவை விட, கூடவே இருப்பதுதான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது.

1873 பிப்ரவரி 28. நோயாளியின் தோல் கட்டியிலிருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, குச்சி குச்சியாக சில உருவங்கள் தெரிந்தன. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்ததே 1882-ல்தான். அதற்கு 9 வருடம் முன்னால் நடந்த விஷயம் இது.

அதே 1873 ஜனவரியில்தான் டானியல்சனின் மகளை அவர் திருமணம் செய்திருந்தார். சில மாதங்களிலேயே மனைவி காசநோயில் இறந்துபோனார்.

கிருமியைப் பார்த்தால் போதாதா?

போதாது. இதுதான் நோயை உண்டாக்குகிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு கிருமியைத் தனியாக வளர்க்கணும், இன்னொரு உயிருக்குச் செலுத்தி நோய் வருகிறதா என்று பார்க்கணும். தொழுநோய்க் கிருமியோ ஆய்வகத்தில் வளரவே இல்லை. செயற்கை ஊடகத்தில் இன்றைக்கும் அதை வளர்க்க முடிவதில்லை. விலங்குகளில் செய்து பார்த்ததும் பலிக்கவில்லை.

இதற்கிடையே 1879-ல் ஜெர்மனியிலிருந்து ஆல்பர்ட் நைசர் என்ற இளம் டாக்டர் பெர்கன் வந்தார். ஹேன்சன் அவருக்கு மாதிரிகளைக் கொடுத்தார். நைசர் ஊருக்குப் போய், கிருமிக்கு நன்றாகச் சாயம் ஏற்றி, கண்டுபிடிப்பைத் தன் பெயரில் வெளியிட்டார். ஹேன்சன் விடவில்லை. தன் பழைய குறிப்புகளைக் காட்டி, முதலில் பார்த்தது நான்தான் என்று 1880-ல் எழுதினார். பெருமை கடைசியில் அவர் பக்கமே வந்தது.

அந்த நவம்பர் நாள்

1879 நவம்பர் 3. மருத்துவமனையில் 33 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். அவருக்கு ஏற்கெனவே தொழுநோய்தான், ஆனால் உணர்ச்சி மரத்துப்போகும் வகை. கட்டிகள் வரும் வகை இல்லை. கட்டி வகை நோயாளியிடம் எடுத்த திசுவை, கண்புரை ஆபரேஷன் கத்தியால் இந்தப் பெண்ணின் கண்ணில் செலுத்தினார் ஹேன்சன். அங்கே கட்டி வந்தால், நோய் தொற்றும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பெண்ணிடம் எதற்கு என்று சொல்லவும் இல்லை, சம்மதம் கேட்கவும் இல்லை. கட்டி எதுவும் வரவில்லை. ஆனால் புகார் போனது, வழக்கானது. 1880-ல் விசாரணை. ஹேன்சன் மறுக்கவில்லை. தான் பார்க்கிற மாதிரி அந்தப் பெண் இதைப் பார்க்க மாட்டார் என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை என்பது அவர் வாதம். அதாவது, கேட்டால் மறுப்பார் என்று தெரிந்தே கேட்காமல் விட்டிருக்கிறார்!

மருத்துவமனை டாக்டர் பதவி பறிக்கப்பட்டது. நாட்டின் தொழுநோய்த் துறைத் தலைமை அதிகாரி பதவி மட்டும் தொடர்ந்தது.

இந்தத் தீர்ப்பு ஏன் முக்கியம்?

மனிதர்கள் மேல் பரிசோதனை செய்ய அவர்களின் சம்மதம் கட்டாயம் என்று சொன்ன நியூரம்பெர்க் நெறிகள் வந்தது 1947-ல். அதற்கு 67 வருடம் முன்பே, ஏழை நோயாளி ஒருவர் பக்கம் நின்று, நாடே கொண்டாடிய விஞ்ஞானியைத் தண்டித்திருக்கிறது ஒரு கோர்ட். இன்றைக்கு ஆய்வில் சேரும் முன் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் இல்லையா, அதன் பின்னால் இருப்பதும் இதே கேள்விதான்: உடம்பு யாருடையது?

அதன் பிறகு?

நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் 1885 சட்டத்துக்குப் பின்னணியில் ஹேன்சன் இருந்தார். வீட்டில் தனி அறை, இல்லையென்றால் மருத்துவமனை. அவர் காலத்திலேயே நார்வேயில் நோயாளிகள் சில நூறு பேராகக் குறைந்தார்கள். ஆனால் அதற்கான விலையையும் நோயாளிகள்தான் கொடுத்தார்கள், குடும்பத்தைப் பிரிந்து. 1912 பிப்ரவரி 12-ல் ஹேன்சன் இறந்தார். அப்போது இந்த நோய்க்குச் சரியான மருந்தே கிடையாது.

இன்றைக்கு நிலைமை வேறு. கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 முதல் 12 மாதம் எடுத்தால் குணமாகிவிடும். மருந்து தொடங்கிய பிறகு மற்றவர்களுக்குப் பரவாது, யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையே இல்லை. தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தாமதிக்காமல் தோல் டாக்டரைப் பாருங்கள். நரம்பு பாதிக்கும் முன்பே போய்விட்டால் ஊனத்தைத் தவிர்க்கலாம்.