உலைக்குத் தப்பிய பாட்டுகள்

ஹாரி ஸ்மித் 1923 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிறந்தவர். ஓவியம், திரைப்படம் என்று பலவற்றைச் செய்தவர். ஆனால் நான் அவரை நினைப்பது அவர் சேர்த்த பழைய இசைத்தட்டுகளுக்காக.

இரண்டாம் உலகப் போரில் இசைத்தட்டு செய்யும் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளை உருக்கச் சேகரித்தார்கள். ஏழை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பாடிய நாட்டுப்பாடல்களும் அவற்றோடு அழியும் நிலை. அந்தக் காலத்தில்தான் இளைஞரான ஸ்மித் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்.

பின்னர் நியூயோர்க்கில் கையில் பணமில்லாமல், தட்டுகளை விற்க மோசஸ் ஆஷிடம் போனார். வார்சோவில் பிறந்த யூதரான ஆஷ், 1948 இல் ஃபோக்வேஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தட்டுகளிலிருந்து ஒரு தொகுப்பைச் செய்யும்படி ஸ்மித்திடம் சொன்னார். 1952 இல் 84 பாட்டுகளுடன் அது வந்தது. பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று ஸ்மித் எங்கும் குறிக்கவில்லை.

1928 இல் பாடிவிட்டு ஊரோடு ஒதுங்கிப்போன மிசிசிப்பி ஜோன் ஹர்ட்டின் குரலும் அதில் இருந்தது. 1963 இல் இசைத்தட்டு ஆர்வலர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். முதுமையில் மீண்டும் மேடையேறினார்.

1991 இல் ஸ்மித்துக்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டில் இறந்தார்.

போர் அரக்கை மட்டும் கண்டது. அவர் குரலைக் கேட்டார். இடம்பெயர்வுகளுக்குத் தப்பிய ஒலிநாடா ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், பாடியவரின் பெயரையாவது அதன் மேல் எழுதி வையுங்கள்.