கயிலை நோக்கிய நாவரசர்

திபெத்து நாட்டில் 6,638 மீற்றர் உயர்ந்து நிற்பது திருக்கயிலைமலை. பௌத்த மடங்கள் சூழ்ந்த அம்மலையைச் சைவரேயன்றிப் பௌத்தரும் சமணரும் போற்றுவர்.

7-ஆம் நூற்றாண்டினரும் திருவாமூரிலே தோன்றியவருமாகிய திருநாவுக்கரசு நாயனார், முதுமையில் அதனைத் தரிசிக்கப் புறப்பட்ட வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் அருளினார். திருக்காளத்தியில் எழுந்த வேட்கையால், திருப்பருப்பதங் கடந்து காசியை அடைந்து, உடன்வந்தாரை அங்கே விடுத்துத் தனியே சென்றார். அடிகள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். அவையுந் தேய மார்பினால் உந்தினார், பின்னர்ப் புரண்டார். முனிவராய் வந்த இறைவர் மீளுமாறு கூறியும் இசைந்திலர். ஈற்றில், இறைவராணைப்படி ஆங்கிருந்த தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே, துணையொடு வந்த களிறும் கோழியும் குயிலும் சத்தியுஞ் சிவமுமாய்த் தோன்றக் கயிலைக்காட்சி பெற்றார்.

வன்னிநாட்டுப் புளியங்குளத்தில் வாழும் நம்மிற் பலர்க்கு, அம்மலைக்குச் செல்லப் பொருளுமில்லை, உடல்வலியுமில்லை. அதுபற்றி நாம் வருந்துதல் வேண்டா. நாயனாரும் மலையை அடைந்திலர். மீளாத அன்பினாலேயே காட்சி பெற்றார். ஆதலின், அவர் கையிற் கொண்ட உழவாரத் தொண்டினை நம்மூர்த் திருக்கோயில்களிலே நாடோறுஞ் செய்வோமாக. நமக்குக் கயிலை வழி அதுவே.